பயிற்சிக் களத்தில் தோழரைக் காக்கும் வீரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1918 ஏப்ரல் 19ஆம் நாள், இங்கிலாந்தின் பிராக்டன் முகாமில், நியூசிலாந்துப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ராண்டால்ஃப் ரிட்லிங் புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குக் கையெறி குண்டு வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். குண்டின் பாதுகாப்பு ஊசியான பின்னை உருவிய ஒரு வீரர் பதற்றத்தில் குண்டைக் கைநழுவ விட்டுவிட்டார். ரிட்லிங் அவரைப் பற்றித் தூக்கிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வெளியேற முயன்றபோது குண்டு வெடித்தது. ரிட்லிங் படுகாயம் அடைந்தார். அந்த வீரர் உயிர் பிழைத்தார். 1965 அக்டோபர் 4ஆம் நாள், தென்கொரியாவின் ஹாங்சான் பகுதியில், வியட்நாமுக்குப் புறப்பட இருந்த படையினருக்கு நடந்த குண்டு வீச்சுப் பயிற்சியிலும் இதே விபத்து நேர்ந்தது. கம்பெனித் தளபதியாக இருந்த கேப்டன் காங் ஜே-கு, தம் வீரர்களைக் காப்பதற்காகக் குண்டின் மீது பாய்ந்து அதைத் தம் உடலால் மூடி உயிர்நீத்தார். இறந்தபின் அவருக்கு மேஜர் பதவி அளிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளையும் தலைவணங்கித்தான் பேச வேண்டும். ஆனால் இத்தகைய நிகழ்வுகளை நாம் வழக்கமாகச் சொல்லும் முறையில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. ஒரு நொடியில் மின்னலெனத் தோன்றிய துணிச்சல் என்று அவற்றை வருணிக்கிறோம். கேட்கும் இளைஞர் மனத்தில், ஆபத்து வரும்போது யோசிக்காமல் பாய்வதே வீரம் என்ற எண்ணம் பதிகிறது. பயிற்சிக் களத்தில் தோழரைக் காக்கப் போய் உயிரிழப்போர் பலரும் துணிச்சல் குறைந்தவர்கள் அல்லர். துணிச்சல் மிகுந்திருந்தும், அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் கைகளுக்கு முன்பே பழக்கப்படாமல் போனவர்கள். படையில் சேர விரும்புவோர், மாணவர் படையில் இருப்போர், பயிற்சி தருவோர் ஆகிய அனைவரும் அறிந்திருக்க வேண்டிய தவறுகளை, அவை அதிகமாக நேரும் இடங்களை ஒட்டி இங்கே விளக்குகிறேன்.

கையெறி குண்டு: குண்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பிடியுங்கள்

கையெறி குண்டின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமே விலகும். பின்னை உருவினாலும், குண்டின் பக்கவாட்டில் உள்ள லிவர் என்னும் நெம்புகோலைக் கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கை தளர்ந்து லிவர் விலகிய கணத்தில்தான் உள்ளே திரி பற்றுகிறது. அமெரிக்கப் படையின் எம்67 வகைக் குண்டில் அத்திரி நான்கு முதல் ஐந்து நொடிகள் எரியும். வெடித்தால் ஐந்து மீட்டருக்குள் இருப்பவர் உயிர் தப்புவது அரிது. பதினைந்து மீட்டர் வரை காயம்படும் வாய்ப்பு அதிகம். சிதறல்கள் 230 மீட்டர் வரைகூடப் பறக்கக்கூடும். குண்டு கீழே விழுந்தது என்பதை மூளை உணர்வதற்கே ஏறத்தாழ ஒரு நொடி போய்விடும். மீதம் இருப்பது மூன்று நொடி.

இந்த மூன்று நொடியில் பெரும்பாலோருக்கு இயல்பாகத் தோன்றுவது, குண்டை எடுத்து வெளியே வீசிவிடலாம் என்பதே. அதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. குண்டு உருண்டோடும், மண்ணிலோ மணல் மூட்டைக்கு இடையிலோ மறையும், குனிந்து தேடும்போது முகமும் கழுத்தும் மார்பும் அதற்கு மிக அருகில் வரும், கையில் கிடைத்தாலும் நிமிர்ந்து வீசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆகையால்தான் நன்கு அமைந்த பயிற்சித் தளங்களில் வீசும் மேடையே தப்பும் வழியோடு கட்டப்படுகிறது. மார்பளவு உயரமுள்ள உறுதியான சுவரும், அதைத் தாண்டி விழவோ பக்கவாட்டில் நழுவவோ இடமும் இருக்கும். பயிற்றுநர் உரக்கக் குரல் கொடுத்து, வீரரைப் பற்றி, சுவருக்கு அப்பால் தள்ளி, தாமும் விழுந்து, இருவரும் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். சிதறல்கள் மேல்நோக்கி விரிந்து பறப்பதால், நின்றுகொண்டு ஓடுபவரைவிடத் தரையில் ஒட்டிக் கிடப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம். இடையில் ஒரு சுவரும் இருந்துவிட்டால் இருவரும் எழுந்து நடந்தே வரக்கூடும்.

இதைச் சொல்வது எளிது. அச்சத்தில் உறைந்து நிற்கும், கவச உடை அணிந்த, எண்பது கிலோ எடையுள்ள ஒருவரை மூன்று நொடியில் சுவருக்கு அப்பால் தள்ளுவது எளிதன்று. ஆகவே பயிற்றுநர் செய்யும் முதல் தவறு, குண்டு விழுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. இரண்டடி தள்ளி நிற்பது, கையில் குறிப்பேட்டையோ வானொலிக் கருவியையோ வைத்திருப்பது, குண்டு எங்கே போய் விழுகிறது என்று பார்க்கக் கண்ணைத் தொலைவுக்குச் செலுத்துவது ஆகியவை அந்தத் தவறின் வடிவங்கள். பயிற்றுநரின் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். ஒரு கை வீரரின் கவச உடையை எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருக்க வேண்டும். கண் வீரரின் கையை விட்டு அகலக் கூடாது. வெடிமருந்து இல்லாத வெறும் குண்டைக் கொண்டு இந்தத் தள்ளலைப் பயிற்றுநரும் வீரரும் சேர்ந்து பலமுறை செய்து பார்த்த பிறகே உண்மையான குண்டைத் தொட வேண்டும். தள்ளப்படுபவருக்கும் அந்தப் பயிற்சி தேவை, ஏனெனில் தள்ளும்போது உடலை இறுக்கி எதிர்ப்பது மனித இயல்பு.

குண்டின் மீது தாமே விழுந்து மூடுவதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். கேப்டன் காங் செய்தது ஈடிணையற்ற தியாகம்; அதைக் குறைத்துப் பேச எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் அதை ஒரு பாடமாக, பின்பற்ற வேண்டிய முறையாகப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவது தவறு. வேறு வழி எதுவும் எஞ்சாத நிலையில் ஒரு மனிதர் தம் உள்ளத்தின் ஆழத்திலிருந்து எடுத்த முடிவு அது. வேறு வழியை முன்கூட்டியே அமைத்து வைப்பதுதான் பயிற்சித் தளத்தை நடத்துவோரின் கடமை. வீசும் இடத்துக்குப் பின்னால் அடுத்த முறைக்காகக் காத்திருப்போரை நெருக்கமாக நிறுத்தாமல் தடுப்புக்கு அப்பால் அமர்த்துவது, ஒரு வீரருக்கு ஒரு பயிற்றுநர் என்ற விகிதத்தைக் கூட்டம் அதிகம் என்ற காரணத்துக்காகக் கைவிடாமல் இருப்பது போன்ற ஏற்பாடுகள் எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் அவை இருக்கும் இடத்தில் எவரும் தம் உடலைக் குண்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலை வராது.

சுடுதளத்தில் இதற்கு இணையான ஒரு தவறு உண்டு. வரிசையில் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தோழர் விழுந்துவிட்டால், அருகில் இருப்பவர் தம் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே அவரை நோக்கி ஓடுகிறார். அவருடைய துப்பாக்கியின் வாய் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதை அவர் அறியார்; மற்றவர்கள் சுடுவதும் நிற்கவில்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லி உரக்கக் குரல் கொடுப்பதே முதல் உதவி. ஆபத்தைக் கண்டால் அந்தக் கட்டளையை அதிகாரி மட்டுமன்றி, அங்கே இருக்கும் கடைநிலை வீரரும் கொடுக்கலாம் என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். துப்பாக்கிகள் தணிந்து, குண்டுகள் நீக்கப்பட்ட பிறகே காயம்பட்டவரிடம் செல்ல வேண்டும். அந்தச் சில நொடிகள் நீண்டதாகத் தோன்றினாலும் இரண்டாவது உயிரிழப்பைத் தடுப்பவை அவையே.

தண்ணீர்: குதிப்பது கடைசி வழி

ஆற்றைக் கடக்கும் பயிற்சியிலும் கடலோரப் பயிற்சியிலும் நேரும் தவறுகள் மிகக் கொடியவை, ஏனெனில் நல்ல நீச்சல்காரரே முதலில் குதிக்கிறார். 1956 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பாரிஸ் தீவு மெரைன் பயிற்சி முகாமில், எழுபதுக்கும் மேற்பட்ட புதிய வீரர்கள் ரிப்பன் கிரீக் என்னும் ஓத நீர்க் கழிக்குள் அணியாக அழைத்துச் செல்லப்பட்டனர். இருட்டில், சேற்றில், ஆழம் அறியாத இடத்தில் சிலர் தடுமாற, பதற்றம் அணி முழுவதும் பரவியது. ஆறு பேர் மூழ்கி இறந்தனர். அந்தப் பயிற்சியே நடந்திருக்கக் கூடாது என்பது ஒருபுறம். தண்ணீரில் ஒருவருடைய அச்சம் அடுத்தவர் உடலைப் பற்றிக்கொள்ளும் விதத்தை உணர்த்தும் நிகழ்வாகவும் அது நிற்கிறது.

மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. உண்மையில் மூழ்கும் மனிதரால் கத்த முடியாது. மூச்சை இழுப்பதற்கே அவருடைய வாய் போதவில்லை. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், கால்கள் உதைக்காமல் உடல் செங்குத்தாக நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பது போலவே தோன்றும். இந்த நிலையில் அவர் நீர்ப்பரப்பில் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ இருபது முதல் அறுபது நொடிகள். ஆகவே தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பதற்கென்று, வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவரைக் கரையில் நிறுத்துவது இன்றியமையாதது.

இரண்டாவது தவறு முன்புறமாக நீந்திச் சென்று மூழ்குபவரைப் பிடிப்பது. அவர் தம்மைக் காப்பாற்ற வந்தவரையே மிதக்கும் கட்டையாகக் கருதி அவர் தலைமீது ஏற முயல்வார். அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை; அந்த நேரத்தில் அவருடைய உடல் அவர் வசம் இல்லை. உயிர்காப்புப் பயிற்சியில் வழிவழியாகச் சொல்லப்படும் வரிசை இதனால்தான் உருவானது. முதலில் கரையில் இருந்தபடியே கைக்கோலையோ கயிற்றையோ துப்பாக்கி வாரையோ நீட்டிப் பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளையோ கயிறு கட்டிய பையையோ வீச வேண்டும். அதுவும் முடியாவிட்டால் படகில் செல்ல வேண்டும். நீந்திச் செல்வது இவை அனைத்தும் தோற்ற பிறகே. அப்போதும் மிதக்கும் பொருள் ஒன்றைக் கொண்டுபோய், அதை நமக்கும் அவருக்கும் இடையில் வைத்து நீட்ட வேண்டும். அவர் நம்மை இறுகப் பற்றிவிட்டால் அவரோடு மல்லுக்கு நிற்காமல் தண்ணீருக்குள் அமிழ வேண்டும். மேலே வரத் துடிப்பவர் கீழே போகும் பிடியைத் தாமே விட்டுவிடுவார்.

ஓடும் ஆற்றில், விழுந்த இடத்தை நோக்கி ஓடுவது வீண். நீர் அவரை அங்கே வைத்திருக்காது. கடக்கும் இடத்துக்குக் கீழே, நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில், கயிற்றோடு ஆட்கள் முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும். முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்க்காமல் ஆற்றில் இறங்குவது இன்னொரு பழைய தவறு. விழுந்தால் ஒரே இழுப்பில் பையைக் கழற்ற முடிய வேண்டும், இல்லையேல் அதன் கனமே ஆளை அடியில் நிறுத்திவிடும். காப்பாற்றக் குதிப்பவரும் பூட்ஸையும் கவச உடையையும் கழற்றாமல் குதித்தால் அதே நிலைக்கு ஆளாவார்.

குளிர்ந்த நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைநாட்டு ஓடைகளில் விழுந்த முதல் ஒரு நிமிடம் உடல் தன்னையறியாமல் மூச்சை வேகமாக இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். பிறகு ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குள் விரல்களும் கைகளும் செயலிழக்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் வரை ஆகும். குளிரால் ஒருவர் உடனே இறந்துவிடுவார் என்று எண்ணி அவசரப்படுவதும் தவறு, இன்னும் நேரம் இருக்கிறது என்று எண்ணிக் கை செயலிழக்கும்வரை காத்திருப்பதும் தவறு. வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால், வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதில் நேரத்தை வீணாக்கக் கூடாது. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். மூழ்கியவருக்கு முதலில் குறைந்தது காற்றே.

இத்தனையும் அறிந்திருந்தும் குதிக்க வேண்டிய நேரம் வரலாம். 2025 மே 22ஆம் நாள் சிக்கிமில், பயிற்சியில் அன்றிப் பணிக்களத்தில், மரப்பாலத்திலிருந்து ஓடைக்குள் விழுந்த ஓர் அக்னிவீரரைக் காக்க லெப்டினன்ட் சசாங்க் திவாரி நீரில் குதித்தார். அந்த வீரர் பிழைத்தார். இருபத்து மூன்றே வயதான திவாரியை வெள்ளம் அடித்துச் சென்றது. இறந்தபின் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளிக்கப்பட்டது. அப்படிப்பட்ட கணத்தில் நின்றவரைப் பார்த்து, கரையில் அமர்ந்திருக்கும் எவரும் இப்படிச் செய்திருக்கலாமே என்று சொல்வது முறையன்று. பயிற்சித் தளத்திலோ, கயிறும் படகும் ஆட்களும் முன்பே ஏற்பாடு செய்யப்படக் கூடியவை. ஏற்பாடு செய்யாமல் விட்டுவிட்டு, ஒருவர் குதித்ததைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்க முடியாது.

வெயில்: தோழமையின் பெயரால் நேரும் தவறு

நெடுந்தூர அணிநடையில் நிகழும் வெப்பத் தாக்கம் குண்டைப்போல் ஓசை எழுப்புவதில்லை. அதனால்தான் அங்கே காப்பாற்றும் செயல் வீரமாகவே கருதப்படுவதில்லை. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் இங்கே நேரும் தவறு நல்லெண்ணத்திலிருந்தே பிறக்கிறது.

ஒருவர் தள்ளாடத் தொடங்குகிறார். அவர் தோல்வி அடைந்துவிடக் கூடாது என்று தோழர் அவருடைய பையைத் தாம் வாங்கிச் சுமக்கிறார். மற்றொருவர் கையைப் பற்றி இழுக்கிறார். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் என்று ஊக்கம் தருகிறார்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில் அவருடைய உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் செல்கிறது. உடற்பயிற்சியால் நேரும் வெப்பத் தாக்கத்தின் முதல் அடையாளம் மயக்கமன்று, மனக்குழப்பம். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில், காரணமில்லாத கோபம், நடையில் தடுமாற்றம், தாம் நன்றாக இருப்பதாகப் பிடிவாதம் ஆகியவற்றைக் கண்டால் அணியை நிறுத்த வேண்டும். வியர்வை வழிகிறது, ஆகவே வெப்பத் தாக்கம் இல்லை என்று முடிவு செய்வது உயிரைப் பறிக்கும் தவறு. கடும் உழைப்பில் இருப்பவருக்கு வெப்பம் தலைக்கேறிய பின்னும் வியர்த்துக்கொண்டிருக்கலாம்.

2013 ஜூலை 13ஆம் நாள் பிரிட்டனின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில், ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள தேர்வு நடையில், வெயிலின் கடுமையால் மூன்று துணைநிலைப் படை வீரர்கள் இறந்தனர். வேறு சிலர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு விலக்கப்பட்ட உடனேயே அந்த நடை நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. ஒருவர் வெயிலில் விழுந்தால் அது அவருடைய உடலின் குறை என்று எண்ணாமல், அன்றைய வெயிலைப் பற்றிய எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும். அடுத்து விழப்போகிறவர் அப்போதும் நடந்துகொண்டிருப்பார்.

விழுந்தவரை உடனே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைவதும் இங்கே தவறாகிவிடும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி கலந்த நீர் நிரம்பிய தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்துவது மிகச் சிறந்தது; தொட்டி இல்லாவிடில் பனிநீரில் நனைத்த படுக்கை விரிப்புகளை உடல் முழுவதும் சுற்றி, சூடேறியவுடன் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதுவும் இல்லையேல் நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, கிடைக்கும் நீர் அனைத்தையும் ஊற்றி விசிற வேண்டும். முப்பது நிமிடத்துக்குள் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். அதேபோல், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்க வைப்பதும் இரத்தத்தில் உப்பின் அளவைத் தாழ்த்தி, வெப்பத் தாக்கத்தைப் போலவே குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கும்.

தோழரின் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு உடல் வலிமை போதும். இவரால் இனி நடக்க முடியாது, அணியை நிறுத்துங்கள் என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். தோழர் தம்மைக் கோபித்துக்கொள்வார், அவருடைய தேர்வு கைநழுவும், தமக்கும் கெட்ட பெயர் வரலாம் என்பதெல்லாம் தெரிந்தே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவருக்கு எந்தப் படையிலும் பதக்கம் கிடைத்ததாகக் கேள்விப்படுவது அரிது. ஆனால் கையெறி குண்டின் முன் நின்றவரோடு அவரையும் ஒரே வரிசையில் வைப்பேன்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

மூடிய வண்டி, எரிபொருள் தொட்டி, நிலத்தடி அறை ஆகியவற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரை வீழ்த்திய காற்று அங்கேயே இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்துவிடலாம் என்று இறங்குபவர் இரண்டாவதாகவும், அவரைத் தேடிப் போகிறவர் மூன்றாவதாகவும் விழுகின்றனர். மூடிய இடங்களில் நேர்ந்த உயிரிழப்புகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986இல் எச்சரித்தது. மூச்சுக்கருவியும் வெளியிலிருந்து இழுக்கும் கயிறும் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. மின்கம்பியைத் தொட்டுக் கிடப்பவரையும், மின்சாரம் நிறுத்தப்படும்வரை தொடக் கூடாது.

காயம்பட்டவரைத் தூக்குவதில் இரண்டு எதிரெதிரான தவறுகள் உண்டு. உயரத்திலிருந்து விழுந்தவரை நால்வர் நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கி, உடைந்த முதுகெலும்பை மேலும் நகர்த்திவிடுகின்றனர். முதுகெலும்பைப் பற்றிய அச்சத்தால், தீ நெருங்கும் இடத்திலும் ஆளை நகர்த்தாமல் காத்திருப்போரும் உண்டு. அந்த இடமே உயிரைப் பறிக்கும் என்றால் உடனே நகர்த்த வேண்டும். இல்லையென்றால் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். கை காலிலிருந்து இரத்தம் பீறிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை நிறுத்த வேண்டும். டூர்னிகே எனப்படும் இறுக்குப்பட்டையைக் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். வலி தாங்காமல் அவர் கெஞ்சுகிறார் என்று அதைத் தளர்த்துவது கூடாது; தளர்த்துவது மருத்துவரின் வேலை.

நிகழ்ந்த பிறகு

பயிற்சியில் காட்டிய வீரத்துக்கு விருது இல்லை, போர்முனையில் காட்டினால்தான் உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. எதிரியின் முன்னால் அல்லாத இடங்களில் காட்டும் வீரத்துக்காகவே இந்தியாவில் அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா என்ற வரிசை 1952 முதல் உள்ளது. இப்பெயர்கள் 1967இல் அமைந்தன. அமெரிக்காவில் 1926இலேயே இதற்கெனச் சோல்ஜர்ஸ் மெடல் என்ற பதக்கம் உருவாக்கப்பட்டது. ரிட்லிங்குக்குக் கிடைத்த பிரிட்டனின் ஆல்பர்ட் பதக்கமும் உயிர் காத்ததற்கான பதக்கமே. முதல் உலகப்போர்க் காலத்தில் பயிற்சித் தளத்துக் குண்டு விபத்துகளுக்காகவே அது பலருக்கு வழங்கப்பட்டது. 1971இல் அப்போது உயிரோடிருந்தவர்கள் அதை ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய பிரிட்டிஷ் வீர விருதாக மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது.

விருதைவிட முதன்மையானது, காப்பாற்றியவரின் உடலை உடனே பரிசோதிப்பது. அவர் நன்றாக நிற்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார் என்பதால் அவரை விட்டுவிடுகின்றனர். பதற்றத்தில் சுரக்கும் சுரப்புகள் வலியை மறைக்கும். வெடிப்பின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம், நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். தண்ணீரைக் குடித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். காப்பாற்றப்பட்டவரோடு காப்பாற்றியவரும் அதே வண்டியில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீரச்செயலைக் கொண்டாடும் மகிழ்ச்சியில் விபத்தின் காரணத்தை மறந்துவிடுவது அமைப்புகள் செய்யும் தவறு. எவரும் இறக்கவில்லை, ஒரு வீரரும் கிடைத்துவிட்டார், ஆகவே விசாரணை தேவையில்லை என்று கோப்பை மூடிவிட்டால் அடுத்த அணிக்கும் அதே சுவர், அதே நெரிசல், அதே ஆள் பற்றாக்குறைதான் வாய்க்கும். உயிர் தப்பிய விபத்தையும் உயிர் போன விபத்தைப் போலவே ஆராய வேண்டும். அங்கிருந்த ஒவ்வொருவரும் தாம் கண்டதை, மற்றவர்களோடு கலந்து பேசுவதற்கு முன், தனித்தனியாக எழுதித் தர வேண்டும். பலமுறை பாராட்டிப் பேசிய பிறகு எல்லோருடைய நினைவும் ஒரே கதையாக மாறிவிடும். நொடிகளின் வரிசையும் யார் எங்கே நின்றார் என்பதும் அதில் கரைந்துபோகும்.

எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. அவர் குண்டைக் கைநழுவ விட்ட அந்த இளம் வீரர். தம்மால் இன்னொருவர் இறந்திருக்கக்கூடும், அல்லது இறந்தே போனார் என்ற எண்ணத்தோடு அவர் வாழ வேண்டியிருக்கிறது. கூடாரத்தில் அவரைக் கேலிப்பெயர் சொல்லி அழைப்பதும், பாராட்டு விழாவில் எடுத்துக்காட்டாக நிறுத்துவதும் கொடுமை. முதன்முறையாகக் குண்டைக் கையில் எடுப்பவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும் என்பது பயிற்றுநர் அனைவரும் அறிந்ததே; பயிற்றுநர் அவர் அருகில் நிற்பதும் அதற்காகத்தான். அவரை அன்றே மறுபடி வீசச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம், இனி ஒருபோதும் குண்டைத் தொடாதே என்று ஒதுக்கவும் வேண்டாம். சில நாள் இடைவெளி விட்டு, வெறும் குண்டிலிருந்து மறுபடியும் தொடங்கி, இயன்றால் வேறொரு பயிற்றுநரின் துணையோடு அவரை அந்த மேடைக்கு அழைத்து வரலாம். இடையில் அவர் உறக்கமின்றித் தவிக்கிறாரா, உணவைத் தவிர்க்கிறாரா, எவரோடும் பேசாமல் ஒதுங்குகிறாரா என்று கவனிக்கும் பொறுப்பை அவருடைய பிரிவில் ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியவருக்கும் அதே கவனிப்பு வேண்டும்.